ஆங்கிலத்தில் ஒரு சின்னப் பேய்க்கதை: மலையகப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் பிள்ளைகளுக்கு மாலை நேர ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். மழைக்காலம் வந்தால் அவர்களை ஆங்கிலத்தில் ஒரு சின்னப் பேய்க்கதை எழுதச் சொல்வது வழக்கம். ஒவ்வொரு முறையும் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. பிள்ளைகளும் பெற்றோரும் புதிதாகப் படிப்பிக்க வந்த ஆசிரியர்களும் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். ஆங்கில வாக்கியங்கள் தமிழ் எழுத்தில் இருக்கின்றன. வாய்விட்டு வாசித்துப் பாருங்கள், சட்டென்று பிடிபடும்.

படிப்பிக்க வேற நல்ல விஷயம் இல்லையா? புள்ளைக்கு ஏன் பேய்க்கதை?

தாய்மார்தான் இதை அதிகம் கேட்பார்கள். நியாயமான கேள்வி. "மை பெஸ்ட் ஃப்ரெண்ட்" என்று கட்டுரை கொடுத்தால் வகுப்பு முழுவதும் ஒரே கட்டுரையை எழுதித் தரும், ஏனென்றால் அது வழிகாட்டிப் புத்தகத்தில் இருக்கிறது. பேய்க்கதைக்கு அப்படி மனப்பாடம் கிடையாது. ஆனால் கரண்ட் போன இரவில் அப்பாயி சொன்ன கதை ஒன்றாவது தெரியாத பிள்ளை எங்கள் பக்கம் இல்லை. கதை கைவசம் இருப்பதால் "என்ன எழுதுவது" என்று பேனாவைக் கடிக்கும் நேரம் குறைகிறது, "இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது" என்பதில் கவனம் நிற்கிறது.

இன்னொன்றும் உண்டு. லீவு கடிதத்தை யாரும் இரண்டாம் தடவை ஆசையாக வாசிப்பதில்லை. பேய்க்கதை எழுதிய பிள்ளை அதைப் பக்கத்திலிருப்பவனுக்கு வாசித்துக் காட்டும், அவன் பயப்படவில்லை என்றால் தானே திருத்தும். அப்படிக் கொப்பியைத் தானாகத் திறந்து திருத்தும் பிள்ளையை வேறு எந்தப் பயிற்சியிலும் நான் பார்த்ததில்லை.

எவ்வளவு நீளம் எழுதணும்?

200 முதல் 250 சொற்கள். ஒரு இடம், ஒரு இரவு, அதிகம் போனால் இரண்டு பேர். பரீட்சைத் தாள் என்றால் சொல் எண்ணிக்கை அங்கேயே போட்டிருக்கும், அதைப் பின்பற்றுங்கள். மூன்று ஊர், ஐந்து கூட்டாளிகள் என்று தொடங்கும் கதை, பேய் வருவதற்கு முன்பே பக்கத்தைத் தின்றுவிடும்.

எனக்கு கதையே வரல சேர். எதைப் பத்தி எழுத?

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு இடத்தை எடுங்கள். அங்கே தினமும் நடப்பதை அப்படியே எழுதுங்கள். பிறகு ஒன்றே ஒன்றை மட்டும் பிசகாக்குங்கள். பேய்க்கதைக்கு இதற்கு மேல் ரகசியம் இல்லை என்பதே என் எண்ணம். எல்லாமே விசித்திரமாக இருந்தால் பயம் வராது. வழக்கமான ஒன்பது விஷயங்களுக்கு நடுவே பத்தாவது மட்டும் தப்பாக இருக்க வேண்டும்.

தேயிலைத் தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆட்கள் கூடிப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை, மூடுபனி, வேலையை மேற்பார்க்கும் கங்காணி பேர் கூப்பிடுகிறார், ஒவ்வொருவராகக் குரல் கொடுக்கிறார்கள். பழக்கத்தில் ஒரு பழைய பேரையும் கூப்பிட்டுவிடுகிறார். போன ஞாயிற்றுக்கிழமை இறந்துபோன ஆளின் பேர் அது. பனிக்குள்ளிருந்து பதில் வருகிறது. கதை முடிந்துவிட்டது, எழுத வேண்டியதுதான் பாக்கி.

கோச்சியில், அதாவது ரயிலில், போகிறவர்களுக்கு ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையில் இருக்கும் சிங்கமலைச் சுரங்கம் தெரியும். அரைக் கிலோமீற்றருக்கு மேல் நீளம். உள்ளே நுழையும்போது பெட்டியில் நான்கு பேர். இருட்டு. வெளிச்சத்துக்கு வரும்போது ஐந்து பேர். ஐந்தாவது ஆளின் உடுப்பு முழுவதும் ஈரம், ஆனால் அன்றைக்கு மழையே இல்லை.

மஸ்கெலியாப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய செல்வம் இருக்கிறது. மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. கடும் வரட்சியில் நீர் இறங்கினால் பழைய கோயிலின் இடிபாடு வெளியே தெரியும். நீர் நிரம்பி நிற்கும் ஓர் இரவில் தண்ணீருக்கு அடியிலிருந்து கோயில் மணி கேட்டால்? இந்தக் கதையை லண்டனில் இருக்கும் ஒரு பிள்ளையால் எழுத முடியாது. உங்களால் முடியும்.

பாழடைஞ்ச பங்களா, வவ்வால், இரத்தம் குடிக்கிற ஆள் எல்லாம் வேணாமா?

பங்களா தாராளமாக வரலாம், அது நம் ஊரில் இருப்பதுதானே. டிக்கோயாவில் 1878இல் கட்டிய வார்லி தேவாலயமும் அதன் கல்லறைகளும் காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி இருக்கின்றன, பனி இறங்கும் மாலையில் அங்கே நின்று பாருங்கள். டிவியில் பார்த்த கோட்டையையும் கோரைப்பல்லையும்தான் வேண்டாம் என்கிறேன். நீங்கள் பார்க்காத இடத்துக்கு உங்களிடம் சின்னச் சின்ன விவரங்கள் இருக்காது. அவை இல்லாவிட்டால் "வெரி டார்க், வெரி பிக், வெரி ஓல்ட்" என்றுதான் எழுத வரும்.

முதல்ல தமிழ்ல எழுதிட்டு அப்புறம் இங்கிலீஷுக்கு மாத்தலாமா?

தமிழில் சொல்லிப் பாருங்கள், எழுத வேண்டாம். தமிழில் எழுதினால் நம் வாக்கியம் அழகாக நீண்டுவிடும்: "படுக்கையிலிருந்து எழுந்து விளக்கைக் கொளுத்தி மெதுவாக நடந்துபோய்க் கதவைத் திறந்து பார்த்தபோது ஒருவரும் இல்லை." தமிழில் இதில் ஒரு குறையும் இல்லை. இதை ஒரே ஆங்கில வாக்கியமாக மாற்றப் போனால் "அன்ட்", "அன்ட்", "அன்ட்" என்று கோத்துக்கொண்டே போய் நடுவில் சிக்கிக்கொள்வீர்கள்.

ஆங்கிலத்தில் அதை வெட்டுங்கள். "ஐ கொட் அப். ஐ லிட் த லாம்ப். ஐ வோக்ட் டு த டோர். ஐ ஓபன்ட் இட். நோபடி." ஐந்து துண்டு, ஐந்துமே ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்குத் தெரிந்த சொற்கள். அதோடு ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலும் வாசிக்கிறவர் ஒரு நொடி நிற்கிறார். பேய்க்கதைக்கு அந்த நிறுத்தம்தான் வேண்டும். "எனக்குச் சின்னச் சின்ன வாக்கியம்தான் வரும்" என்று வெட்கப்படும் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: இந்த வகைக் கதையில் சின்ன வாக்கியம் குறை இல்லை, அதுதான் பலம்.

போன்ல போட்டு மொழிபெயர்த்தா போதாதா?

மேலே சொன்ன அந்த நீள வாக்கியம் அங்கேயும் நீளமாகவேதான் பெரும்பாலும் வரும். வெட்ட வேண்டிய இடத்தைத் தேடுவதுதான் பயிற்சியே. ஒரு சொல்லுக்கு அர்த்தம் பார்க்க போனைத் தாராளமாக எடுங்கள்.

எந்த டென்ஸ்ல எழுதணும்? எல்லாம் குழம்புது.

மூன்று போதும், மூன்றுக்கும் கதையில் தனித்தனி வேலை. சூழலைக் காட்ட பாஸ்ட் கன்டினியுவஸ்: "இட் வொஸ் ரெய்னிங். ஐ வொஸ் வோக்கிங் ஹோம்." இங்கே ஒன்றும் நடக்கவில்லை, திரை விரிந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தத் திரையைக் கிழித்துக்கொண்டு வரும் சம்பவத்துக்கு சிம்பிள் பாஸ்ட்: "எ ஹான்ட் டச்ட் மை ஷோல்டர்." இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால், அதாவது கை தொடுவதை "வொஸ் டச்சிங்" என்று எழுதினால், அது ஏற்கனவே நடந்துகொண்டிருந்த காரியமாகிவிடும், திடுக்கிடல் போய்விடும்.

மூன்றாவது பாஸ்ட் பெர்ஃபெக்ட். பிள்ளைகள் இதைக் கண்டு ஓடுவார்கள், ஆனால் பேய்க்கதைக்கென்றே செய்து வைத்தது போன்ற டென்ஸ் இது. நடந்ததற்கும் முன்னால் நடந்து முடிந்ததைச் சொல்ல இது வேண்டும். பெரட்டுக்களக் கதையைப் பாருங்கள்: "த கங்காணி கோல்ட் த நேம். எ வொய்ஸ் ஆன்சர்ட். த மேன் ஹேட் டைட் ஆன் சன்டே." கடைசி வாக்கியத்தில் "ஹேட்" இல்லாமல் "டைட்" மட்டும் இருந்தால், பதில் சொன்ன பிறகு ஆள் செத்ததாகக்கூட அர்த்தம் வரலாம். அந்த ஒரு "ஹேட்"தான் முதலில் சாவு, பிறகு குரல் என்று வரிசையைக் காட்டுகிறது. கதை முழுவதிலும் இதை ஒரு தடவை சரியாகப் போட்டால் போதும்.

பேச்சுக்குள் வரும் வாக்கியங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. மேற்கோள் குறிக்குள் ஆட்கள் எந்த டென்ஸிலும் பேசலாம்.

"சடன்லி" எத்தனை தடவை போடலாம்?

ஒன்று. போடாமல் விட்டால் இன்னும் நல்லது. "திடீரென்று" என்று முன்கூட்டியே அறிவித்தால் வாசிக்கிறவர் தயாராகிவிடுவார்.

"ஐ வொஸ் வெரி ஃபியர்"னு எழுதினேன். மிஸ் சிவப்புல வெட்டிட்டாங்க. ஏன்?

"எனக்கு ரொம்பப் பயம்" என்று மனசில் சொல்லிக்கொண்டு எழுதியதால் வந்தது. "ஃபியர்" என்பது பயம் என்கிற பொருளுக்குப் பேர், ஆளின் நிலையை அது சொல்லாது. நீங்கள் பயந்திருந்தால் "ஐ வொஸ் அஃப்ரெய்ட்" அல்லது "ஐ வொஸ் ஃப்ரைட்டன்ட்". கவனம், "ஐ வொஸ் ஃப்ரைட்டனிங்" என்றால் நீங்கள்தான் மற்றவர்களைப் பயமுறுத்தினீர்கள், அதாவது பேயே நீங்கள்தான். "ஸ்கேர்ட்" என்பதற்கும் "ஸ்கேரி" என்பதற்கும் இதே வித்தியாசம்: ஆள் ஸ்கேர்ட், இடம் ஸ்கேரி.

இலக்கணம் சரியாக வந்தபின் அந்த வாக்கியத்தையே எடுத்துவிட முடியுமா என்று பாருங்கள். பயந்தேன் என்று சொல்வதைவிட உடம்பில் நடந்ததைச் சொல்வது வேலை செய்யும். "மை மவுத் வொஸ் ட்ரை. ஐ குட் நொட் மூவ் மை லெக்ஸ்." இதுவும் சின்ன ஆங்கிலம்தான்.

பேய்க்கு "எ" போடணுமா "த" போடணுமா? "ஹி"யா "ஷி"யா "இட்"டா?

வகுப்பில் நான் அதிக நேரம் செலவிடும் இடம் இது, காரணம் ஆர்டிக்கிள் பாடத்தை இவ்வளவு ருசியாகப் படிப்பிக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை. முதல் தடவை தலைகாட்டும்போது "எ வுமன் வொஸ் ஸ்டேன்டிங் நியர் த பீலி." (பீலி என்றால் தோட்டத்தில் தண்ணீர் விழும், நாங்கள் குளிக்கும் இடம்.) வாசிக்கிறவருக்கு அவள் யாரோ ஒருத்தி. அடுத்த வரியிலிருந்து "த வுமன்", இப்போது அவளை நமக்குத் தெரியும். இது சாதாரண விதி.

இந்த விதி கைவந்த பிள்ளை அதை வேண்டுமென்றே மீறலாம். முதல் வரியே "த வுமன் வொஸ் பேக்" என்று தொடங்கட்டும். எந்தப் பெண்? முன்பும் வந்தாளா? வாசிக்கிறவர் ஏதோ ஒன்றைத் தவறவிட்ட மாதிரி கலங்குவார். ஆனால் விதி தெரியாமல் தற்செயலாக எழுதியதற்கும் தெரிந்து மீறியதற்கும் வித்தியாசம் கதையின் மற்ற வரிகளில் தெரிந்துவிடும், ஆகவே முதலில் விதி.

அடுத்தது "இட்". ஆணா பெண்ணா என்று தெரியும் முன் "சம்திங்" என்று தொடங்கி "இட்" என்று தொடருங்கள். "சம்திங் வொஸ் இன் த கிச்சன். இட் வொஸ் ப்ரீதிங்." பிறகு ஓரிடத்தில் "இட்"டை விட்டு "ஷி" என்று மாற்றினால், அந்த ஒரு சொல்லிலேயே அது ஒரு பெண் என்பது வாசிக்கிறவருக்கு உறைக்கும். தமிழில் வினை முற்றே ஆண், பெண், அது என்று காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கில வினையில் அந்தத் தொல்லை இல்லை, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

டொக் டொக், சலசல, கிறீச்... இதையெல்லாம் எப்படி எழுதுறது?

இரட்டைச் சொல்லாகத் தேட வேண்டாம். ஆங்கிலத்தில் பெரும்பாலான சத்தங்களுக்கு வினைச்சொல் இருக்கிறது. கதவு "கிரீக்ட்", தண்ணீர் "ட்ரிப்ட்", தேயிலைச் செடி "ரஸல்ட்", யாரோ "விஸ்பர்ட்", கதவைத் தட்டினால் "நொக்ட்". இந்த ஐந்தோடு ஒரு கதையை ஓட்டிவிடலாம்.

நம் ஊருக்கென்று இருக்கும் சத்தங்களை மறக்காதீர்கள். தகரக் கூரையில் மழை, பீலியில் இடைவிடாமல் விழும் தண்ணீர், அடுத்த காம்பராவில், அதாவது அடுத்த அறையில், இருமும் தாத்தா. லயம் என்பது தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள், அங்கே சுவர் ஒன்றுதான், அந்தப் பக்கம் நடப்பது இந்தப் பக்கம் கேட்கும். அடுத்த காம்பரா மாதக்கணக்காகப் பூட்டியிருக்கிறது என்று முதல் பத்தியில் சொல்லிவிட்டு, நான்காம் பத்தியில் அங்கிருந்து இருமல் கேட்கட்டும். சத்தம் வருவதைப் போலவே நிற்பதும் பயம்தான்: "த ரெய்ன் ஸ்டொப்ட். த டொக்ஸ் ஸ்டொப்ட்."

லயம், இஸ்தோப்பு, கொழுந்து மடுவம்... இதுக்கெல்லாம் இங்கிலீஷ்ல என்ன?

லயத்துக்கு "லைன் ரூம்ஸ்", இஸ்தோப்புக்கு "வெரன்டா", பெரட்டுக்கு "மஸ்டர்", கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு "வேயிங் ஷெட்". கங்காணி என்பதை அப்படியே எழுதலாம், ஆங்கில அகராதியிலேயே ஏறிய சொல். பீலியையும் அப்படியே விட்டு, முதல் தடவை மட்டும் "த பீலி, வேர் வீ பாத்ட்" என்று பக்கத்திலேயே விளங்கவையுங்கள். ஒரு கதையில் இப்படி இரண்டு சொல் போதும், அதற்கு மேல் வெளியூர் ஆசிரியருக்குத் தடுக்கும்.

மாடசாமி, முனியாண்டிய கதையில பேயா போடலாமா?

வேண்டாம். அவர்கள் நம் காவல் தெய்வங்கள். தோட்டத் தொழிற்சாலையின் பெரிய சக்கரத்தைக் காக்க ரோதைமுனி, தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து வேலையோடு சேர்த்துக் கும்பிட கவ்வாத்துசாமி என்று, செய்த வேலைக்கே தெய்வம் வைத்த சனம் நாங்கள். அவர்களை "கோஸ்ட்" என்று எழுதினால் வாசிக்கிறவருக்குத் தவறான படம் போகிறது, வீட்டில் பெரியவர்கள் மனமும் நோகும்.

ஆனால் கதைக்குள் வரவே கூடாது என்று இல்லை. "அவர் கார்டியன்", அதாவது எங்கள் காவலர், என்று அறிமுகப்படுத்தி, அவர் இருக்கும் இடத்தில் இருக்க விடுங்கள். காவலுக்கு இருக்கிறவருக்கு ஏற்றிய விளக்கு ஓர் இரவு அணைந்திருக்கிறது என்பது நல்ல தொடக்கம்.

எங்க தோட்டத்துல உண்மையா நடந்த சாவை எழுதலாமா?

இதற்கு யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கே தாயையும் பிள்ளையையும் இழந்தவர்கள் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களுடைய இறந்தவர்களைப் பேயாக்கி வகுப்பில் வாசிப்பதை நான் அனுமதிப்பதில்லை. அதை எழுத விரும்பும் பிள்ளை நினைவுக் குறிப்பாக எழுதட்டும், கூட உட்கார்ந்து உதவுகிறேன். பக்கத்து வீட்டில் தற்கொலை செய்துகொண்டவர், விபத்தில் போனவர் என்றாலும் இதே பதில்தான். ஒரு பிள்ளை அப்படி ஒன்றை எழுதிக்கொண்டு வந்தால் இலக்கணம் திருத்துவதற்கு முன் அந்தப் பிள்ளையோடு தனியாகப் பேசுங்கள்.

காலத்தால் தள்ளிப்போன துயரத்தை மரியாதையோடு தொடலாம். தேயிலைக்கு முந்திய கோப்பித் தோட்டக் காலத்தில் நம் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்து வந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியில் விழுந்தவர்கள் ஏராளம். அந்தப் பாதையில் இன்னும் நடந்துகொண்டிருக்கும் ஒருவர் ஓர் இரவு உங்கள் இஸ்தோப்பில் நின்று, "மாத்தளை இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்பதாக எழுதலாம். அவர் யாரையும் கழுத்தைப் பிடிக்க வேண்டியதில்லை.

கடைசியில "எல்லாம் கனவு"ன்னு முடிச்சா என்ன?

அதுவரை பயந்த வாசகரை ஏமாற்றியதாகிவிடும். விடிந்ததும் ஆட்கள் வந்து "அது முப்பது வருஷத்துக்கு முன் செத்த இன்னாருடைய ஆவி" என்று விளக்கம் சொல்வதும் அப்படித்தான். பிசகு என்ன என்று காட்டிய இடத்திலேயே நிறுத்துங்கள். சுரங்கக் கதையில் ஐந்தாவது ஆளின் ஈர உடுப்போடு நிறுத்தலாம், அவர் யார் என்று சொல்லவே வேண்டாம்.

கனவு வேண்டும் என்று பிள்ளை பிடிவாதம் பிடித்தால், விழித்தபின் பாதத்தில் சேறு இருக்கட்டும்.

பரீட்சையில முதல் வரிய அவங்களே கொடுத்துட்டா?

கொடுத்த வரியில் இரண்டைப் பாருங்கள்: "ஐ"யா "ஹி"யா, எந்த டென்ஸ். கடைசி வரை அதையே பிடித்துக்கொள்ள வேண்டும். வீட்டில் தயார் செய்த கதையை வலிந்து ஒட்ட வேண்டாம். வரியில் மழை இருந்தால் உங்கள் ஊர் மழையை எடுங்கள், வீடு இருந்தால் உங்கள் காம்பராவை எடுங்கள், பிசகு ஒன்றை மட்டும் அங்கேயே யோசியுங்கள்.

ஆறாம் ஆண்டுப் பிள்ளைங்க பயந்து தூங்காம போனா பெற்றோர் என்னத் திட்டுவாங்களே?

புதிய ஆசிரியர் ஒருவரின் கவலை. சிறியவர்களுக்கு இரத்தம், பிணம், வெட்டு குத்து வேண்டாம். முதுகில் லேசாகச் சிலிர்த்தால் போதும். பகல் வெளிச்சத்தில், வட்டமாக உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லவிடுங்கள். சத்தம் போட்டது பூனை என்றோ, உருவம் கொடியில் காய்ந்த சேலை என்றோ முடிக்க அவர்களுக்கு முழு அனுமதி உண்டு. கனவு முடிவைப் பற்றி மேலே சொன்ன கண்டிப்பு பெரியவர்களுக்குத்தான்.

பிழையே இல்லனு சேர் சொல்றீங்க. ஆனா யாருமே பயப்படலையே?

பெரும்பாலும் பேய் சீக்கிரம் வந்துவிட்டிருக்கும். கொப்பியை எடுத்து "கோஸ்ட்" என்ற சொல் முதலில் வரும் இடத்தில் கோடு போடுங்கள். அது பாதிக்கு மேலே இருந்தால் கீழே தள்ளுங்கள், முடிந்தால் அந்தச் சொல்லையே எடுத்துவிட்டு "இட்" போடுங்கள். அப்புறம் தொடக்கத்தில் வழக்கமான காரியம் குறைந்தது மூன்று இருக்கிறதா என்று எண்ணுங்கள்: தேத்தண்ணி ஊற்றுவது, செருப்பைக் கழற்றுவது, தம்பியைக் கூப்பிடுவது. வழக்கம் போதாவிட்டால் பிசகு பிசகாகத் தெரியாது.

பிறகு கதையைக் கூட்டாளியிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள், நீங்கள் அவர் முகத்தைப் பாருங்கள். அவர் வேகமாகத் தாண்டிப்போகும் வாக்கியத்தை இரண்டாக வெட்டுங்கள். தானாக நின்ற இடத்தைத் தொடாதீர்கள்.